ஒரு வெள்ளிக் கிளினிக்

எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் என்றால் செத்த பிறகு வரும் பணம். தாத்தா தோட்டத்தில் இருந்த காலத்தில் மாதம் தவறாமல் மரண சகாய நிதிக்குக் காசு கட்டியிருக்கிறார். அவர் போனபோது பெட்டிக்கும் பந்தலுக்கும் அந்தப் பணம்தான் ஆனது. அப்பாவும் அதே வழி. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், தெரிந்த ஏஜண்ட் அண்ணன் சொன்னார் என்று ஒரு பாலிசி எடுத்தார். அதுவும் ஆள் போனால்தான் பணம். உயிரோடு இருக்கும் ஆளுக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டால், 'கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்குல்ல' என்பார்கள். மனசு முடியாமல் போனால்? அதற்கு அந்தப் பதில்கூடக் கிடையாது. ஓர் ஊர்ப்பெயர்தான் இருந்தது: தஞ்சோங் ரம்புத்தான்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் 1911இல் மனநல மருத்துவமனை ஒன்றைத் திறந்தார்கள். இன்று அதன் பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றி என்ன செய்ய, நூறு வருடத்துக்கு மேலாகியும் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுத்துத் தரவா' என்பது இந்த நாட்டில் எல்லா இனத்திலும் ஓடும் பகடி. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஐ.சி.யை நீட்டும்போதெல்லாம் ஒரு சிரிப்பைத் தாங்க வேண்டுமே.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேரு போடாத. அன்னிக்கு ராத்திரி நான் சொன்னத அப்படியே எழுதாத. மத்தது உன் இஷ்டம்" என்றான். இரண்டையும் காப்பாற்றுகிறேன்.

2024இல் அவனுக்கு வயது 24. அதற்கு முந்தின வருடக் கடைசியில் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். சீட்டுக் கிழிந்தவர்களில் இவனும் ஒருவன். உடனே மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனான். நான்கு மாதம் நன்றாகத்தான் ஓடினான். பிறகு ஹெல்மெட் ஆணியில் தொங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், பிறகு அதை எடுக்கவே இல்லை. ராத்திரி நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பான். விளக்குப் போட மாட்டான். கைப்பேசியில் சார்ஜ் இருக்காது. உயிராய்ப் பார்க்கும் பந்தாட்டம் வீட்டு டிவியில் ஓடும், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா ஒரு மாதம் 'சோம்பேறி' என்று திட்டினாள். அடுத்த மாதம் 'கண்ணு பட்டிருச்சு' என்றாள். பேண்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்த பிறகு இரண்டையும் நிறுத்தினாள்.

அம்மா முதலில் கூட்டிக்கொண்டு போனது குறி சொல்லும் ஒருவரிடம். இதை எழுதும்போது இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது வேறு. அவர் தம்பியை முன்னால் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பார்த்தார். வேப்பிலையைக் கீழே வைத்தார். "சாப்புடுறானா? தூங்குறானா?" என்று கேட்டார். பிறகு அம்மாவிடம், "இது என் கேஸ் இல்லம்மா. கிளினிக்குக் கூட்டிட்டுப் போ. விபூதி வேணும்னா தர்றேன், மருந்தோட சேத்துப் பூசிக்க" என்றார். தட்டில் அம்மா வைத்த ஐம்பது வெள்ளியில் நாற்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் போன தனியார் கிளினிக்கில் யாரும் எதையும் திருப்பித் தரவில்லை.

அங்கே தொலைபேசியில் விசாரித்தபோது முதல் கேள்வி, "மெடிக்கல் கார்டு இருக்கா?" இல்லை. முதல் சந்திப்பு 280 வெள்ளி, மருந்து தனி, இரண்டு வாரத்தில் மறுபடி வர வேண்டும் என்றார்கள். பேசி ஆற்றுப்படுத்தும் ஆலோசகரைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு கட்டணம், அதுவும் வாரா வாரம். நான் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கிறவள். எந்தக் கம்பெனியின் அட்டையும் எனக்கும் கிடையாது. ஒரு தடவை போனோம். மருத்துவர் நல்லவர்தான். பில்லைப் பார்த்த தம்பி காரில் ஏறும்வரை பேசவில்லை, ஏறியதும் "இனி வேணாங்கா" என்றான். பணத்துக்காகச் சொன்னானா, நோய் அப்படிச் சொல்ல வைத்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த நோயில் அதுதான் சிக்கல். தனக்காக ஒரு வெள்ளி செலவழிப்பதும் வீண் என்றுதான் அது அந்த ஆளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் போய் 280 வெள்ளி என்று பில் நீட்டினால்?

பழைய கம்பெனி அட்டையோடு வந்த சிறு புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலில், பல் வைத்தியத்துக்கும் அழகு சிகிச்சைக்கும் நடுவில் மனநோய் உட்கார்ந்திருந்தது. வேலை போகாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது சில நிறுவனங்கள் மனநலத்தையும் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் நோய் வந்த பிறகு போய்க் கதவைத் தட்டினால் அந்த நோயை மட்டும் விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். ஏஜண்ட் அண்ணன் அதை மறைக்காமல் சொன்னார். "பாப்பா, காச வேஸ்ட் பண்ணாத" என்றார்.

அந்த ராத்திரி இதற்கெல்லாம் பிறகு வந்தது. அவன் சொன்னதை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விடியும்வரை நானும் அவனும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். அப்போது என் மண்டைக்குள் ஓடிய பயங்களில் ஒன்று போலீஸ். தற்கொலைக்கு முயல்வது மலேசியாவில் குற்றம் என்றுதான் நான் வளர்ந்தேன். தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை. கிளினிக்கில் போய் உண்மையைச் சொன்னால் கேஸ் எழுதிவிடுவார்களோ? கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். 2023இல் அந்தப் பிரிவை நீக்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்தபோது நான் படிக்காமல் தாண்டிப்போயிருப்பேன் போல. விடியற்காலை மூன்று மணிக்கு அது எனக்கு மிகப் பெரிய செய்தி. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 என்ற எண்ணும் அன்றைக்குத்தான் என் கைப்பேசியில் ஏறின. இரண்டாவது எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். என்னிடம் பேசிய பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததும் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக முடியுமா என்று மட்டும் கேட்டார்.

கிளினிக் கெசிஹாத்தான். சளி காய்ச்சலுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இனிப்புநீர் மருந்துக்கும் போகும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். மனசுக்கும் அங்கே பார்ப்பார்கள் என்பது முப்பது வயது வரை எனக்குத் தெரியாது. என் தோழிகளிடம் கேட்டுப் பார்த்தேன், பட்டதாரிகள் உட்பட முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மருத்துவரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அந்த ஒரு வெள்ளிக்குள்.

ஏழு மணிக்கே போய் நம்பர் எடுத்தோம். கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து எல்லாருக்கும் கேட்கும்படி, "சாக்கிட் ஆப்பா?" என்றார். என்ன நோய். தம்பி தரையைப் பார்த்தான். நான், "தாக் போலே தீடோர்" என்றேன். தூங்க முடியவில்லை. பொய்யில்லை, அந்தக் கூட்டத்தில் அவ்வளவு உண்மை போதும். திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு அண்டி. அம்மா கிளினிக்குக்கு வராததற்குக் காரணமே தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுதான். "யாருக்குமா?" என்றார். "தம்பிக்கு அண்டி, தூக்கம் வரல." அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் வரலம்மா. பத்து வருசமா." பிறகு தன் இனிப்புநீர் மருந்துக்கு நம்பர் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்.

ஒரு தாள் கொடுத்தார்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இது உங்களை எத்தனை நாள் தொந்தரவு செய்தது என்று வட்டமிட வேண்டும். தூக்கம், பசி, களைப்பு, எதிலும் நாட்டமின்மை என்று போகும். ஒன்பதாவது கேள்வி இறப்பதைப் பற்றியது. தம்பி எட்டையும் சடசடவென்று முடித்தான். ஒன்பதில் பேனா நின்றது. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தாளைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். தம்பியை 'அடேக்' என்று கூப்பிட்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம். கூட்டம் நிரம்பிய அரசாங்கக் கிளினிக்கில் முக்கால் மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும். பிறகு என்னையும் கூப்பிட்டார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ராத்திரி அவன் பக்கத்தில் யார் படுப்பார்கள், மருந்தை யார் கையில் வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார், அது கெட்டாலும் இப்படி ஆகுமாம். செர்ட்ராலின் மாத்திரை, பாதியில் தொடங்கி ஏற்றுவது. வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டும், நன்றாக ஆனமாதிரி இருக்கிறது என்று திடீரென நிறுத்தக்கூடாது. அடுத்த வாரமே வரச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒரு சூராட்டும் எழுதிக் கொடுத்தார்.

வியாதியின் பெயரைக் கேட்டேன். "கெமுருங்ஙான்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே சொன்னேன். "என்னாடி, டாக்டரு முருகன்னா சொன்னாரு?" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு தம்பி அன்றுதான் சிரித்தான். முருங் என்றால் மலாயில் வாட்டம். நானும் தமிழில் அம்மாவுக்கு விளக்கப் பார்த்தேன். மனச்சோர்வு என்றேன், "சோர்வுன்னா ஹார்லிக்ஸ் குடுக்கலாம்ல" என்றாள். மன அழுத்தம் என்றேன், "யாருக்குத்தான் இல்ல" என்றாள். நம் கவிதைகளில் மனச்சோர்வு இல்லாத பக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் மருந்து கொடுக்க வேண்டிய ஒரு நோய் என்று வீட்டில் புரியவைக்கும் சொல்லாக அது இன்னும் ஆகவில்லை. கடைசியில் அம்மாவுக்குப் புரிந்தது, "அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை மாதிரி" என்ற போதுதான்.

ஒரு வெள்ளி என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன். கணக்கையும் முழுசாக எழுதிவிடுகிறேன். முதல் மாதம் நான்கு தடவை போனோம். கட்டணம் 4 வெள்ளி. மருந்து தொடங்கிய புதிதில் அவனை மோட்டார் ஓட்ட விடவில்லை, கிராப்பில் போக 14, வர 14, நான்கு தடவைக்கு 112. வரிசை முடிந்து மருந்து வாங்கி வெளியே வர மதியம் ஆகும், அதனால் நான் விட்ட வகுப்புகள் இரண்டு, அதில் 120 போயிற்று. கேன்டீனில் சாப்பிட்டது ஒரு முப்பது. ஆக 266. தனியார் கிளினிக்கின் முதல் சந்திப்புக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இது நான்கு சந்திப்பு, ரத்தப் பரிசோதனை, ஒரு மாத மருந்து எல்லாம் சேர்த்து. அதோடு இந்த 266இல் ஒரு சென்கூட அவன் கண்ணில் பில்லாகப் படவில்லை. அரசாங்கக் கிளினிக் இலவசம் போன்றதுதான் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன். காத்திருக்கும் நேரம் யாருடையது என்று மட்டும் கேட்பேன்.

காத்திருக்கும் இடத்தில் அந்த மாதம் முழுக்கப் பார்த்ததால் சொல்கிறேன். சமூக மனநலம், சமூகப் பராமரிப்பு என்றெல்லாம் சுவரொட்டியில் போடுகிறார்கள். அந்தச் சமூகம் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா, ஓர் அக்கா, ஒரு மனைவி. மகனைக் கூட்டிவந்த ஓர் அப்பாவையும் பார்த்தேன், அவர் வெளியே போய்ப் புகை பிடித்துக்கொண்டே இருந்தார். கூட்டிவர ஆளில்லாதவர்கள் அந்த நாற்காலிகளில் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு நோய் இருப்பதாகச் சொன்னது. 2019இல் அது 2.3 விழுக்காடு. நான்கு வருடத்தில் இரண்டு மடங்கு. பத்து லட்சம் பேருக்குப் பத்து லட்சம் அக்காக்கள் எங்கே போவது?

பெரிய ஆஸ்பத்திரியில் தேதி ஏழு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த ஏழு வாரத்தை அந்த இளம் மருத்துவர்தான் தாங்கினார் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இருபது நிமிடம் பேசினார், மாத்திரையின் அளவைக் கூட்டினார், மெந்தாரிக்குப் போகச் சொன்னார்.

மெந்தாரி என்றால் மலாயில் சூரியன். சமூக மனநல மையங்களுக்குச் சுகாதார அமைச்சு வைத்த பெயர். 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் இப்படி மையங்கள் வைப்பதற்கு இடம் இருக்கிறது. நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடைப்பதற்குப் பதிலாக, ஊருக்குள்ளேயே வந்துபோகும்படி வைத்துக்கொள்வது. படுக்கை கிடையாது. அம்மா முதல் தடவை வாசல் வரைக்கும் வந்து, ஜன்னலில் கம்பி இருக்கிறதா என்று பார்த்தாள். உள்ளே சிலர் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சமையலும் ஒரு பயிற்சி. அங்கே தம்பிக்குக் கிடைத்ததில் பெரியது மருந்தோ பேச்சோ அல்ல, வேலை தேட ஓர் ஆள். அவர் இவனோடு உட்கார்ந்து என்ன செய்ய முடியும், எத்தனை மணி நேரம் முடியும் என்று கேட்டு, முதலாளியிடமும் பேசி, வேலை கிடைத்த பிறகும் வந்து விசாரிக்கிறார். ஒரு ரொட்டிக் கடையின் பின்புறத்தில், விடியற்காலை நான்கு மணி நேர வேலை. எப்படியும் அந்த நேரத்தில் விழித்துத்தானே கிடந்தான்.

பேச்சு சிகிச்சைதான் இழுபறி. அரசாங்கத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்றுதான் இவனுக்கு முறை வந்தது. வெளியே தேடினேன். உளவியல் கற்றுக் கொடுக்கும் சில பல்கலைக்கழகங்களில், மூத்தவர் மேற்பார்வையில் பயிற்சி மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய மனநலச் சங்கம் இருக்கிறது. விசாரித்து விசாரித்து, குறைந்த கட்டணத்தில் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். எனக்கு அது புதையல் மாதிரி. தாய்மொழியில் பேசினால்தானே மனசு திறக்கும்? ரயிலில் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று அவனிடம் சொன்னேன்.

"வேணாங்கா. ஆறு வாரமானாலும் அந்த மலாய் அண்ணங்கிட்டயே பேசிக்கிறேன்."

"ஏன்டா, தமிழ்ல பேசுனா ஈஸியா இருக்கும்ல?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். "தமிழ்ல சொன்னா அம்மா கேக்குற மாதிரியே இருக்கு. அப்பா கேக்குற மாதிரி இருக்கு. மலாய்ல சொன்னா, யாரோ ஒருத்தனுக்கு வந்த வியாதியச் சொல்ற மாதிரி சொல்லிரலாம்."

அவனுடைய மலாய் தொழிற்சாலையிலும் சாலையிலும் கற்ற மலாய். அதில் அவனுக்கு இருக்கும் சொற்கள் குறைவு. அந்தக் குறைவான சொற்களுக்குள் 'அவமானம்' இல்லை, 'குடும்ப மானம்' இல்லை, 'ஆம்பளப் புள்ள' இல்லை. தமிழில் வாயைத் திறந்தால் இவையெல்லாம் முன்னால் வந்து நின்றுகொள்கின்றன போலும். தமிழில் எழுதுவதையே பெரிதாக நினைக்கிற எனக்கு இது லேசில் இறங்கவில்லை. ஒரு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை. அதற்காகத் தமிழ் ஆலோசகர்கள் தேவையில்லை என்று யாராவது இதை எடுத்துக்கொண்டால் அவர்களோடும் சண்டைதான். மலாய் வராத எங்கள் அம்மாவுக்கும் பத்து வருடமாகத் தூங்காத அண்டிக்கும் அந்த மலாய் அண்ணன் உதவ முடியாது. அண்டியை ஒரு நாள் கிளினிக்கில் அந்தத் தாளை வாங்கி நிரப்பச் சொன்னேன். "படிச்சுச் சொல்லு, நீயே போடு" என்றார். ஒன்பது கேள்வியையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சொன்ன எண்களை வட்டமிட்டேன். அதைப் பற்றி எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இப்போது தம்பியின் மாத்திரை சில மாதம் தபாலில் வருகிறது. அரசாங்க மருந்தகத்தில் கேட்டால் அனுப்பிவைக்கும் வசதி உண்டு, தபால் செலவு மட்டும் நம்முடையது. உறை வந்ததும் அம்மா அதை வாங்கிச் சாமி மேடையில் வைத்துவிடுகிறாள், அவன் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறான். ஆறு மணி நேரம் தூங்குகிறான். எல்லா நாளும் இல்லை. போன மாதம் மூன்று நாள் ரொட்டிக் கடைக்குப் போகவில்லை, மெந்தாரியிலிருந்து கூப்பிட்டுப் பேசினார்கள், நான்காம் நாள் போனான். அடுத்த தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு அன்றைக்கு வகுப்பு இருக்கிறது. தனியாகவே போய்க்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், மோட்டாரில்.